கல்லில் தொடங்கிய படிப்பு: கலாநிதி ஆனந்த குமாரசுவாமி

சாதாரண தரப் பரீட்சைக்குச் சைவசமயம் படித்த எங்களில் எவரை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் நடராஜரின் ஐந்தொழிலைச் சொல்லிவிடுவோம். உடுக்கை படைத்தல், அபயகரம் காத்தல், தீ அழித்தல், ஊன்றிய பாதம் மறைத்தல், தூக்கிய பாதம் அருளல். அதற்குப் புள்ளி கிடைத்தது. அதோடு நான் மறந்தும் விட்டேன்.

பல வருடங்களின் பின் இலண்டன் நூதனசாலை ஒன்றில், இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் நடராஜரின் முன் நின்று, காலின் கீழ்க் கிடக்கும் அந்தச் சின்ன உருவத்தை ஏன் மிதிக்கிறார் என்று கேட்டாள். முயலகன் என்ற பெயர் வாயில் வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை. அன்று இரவுதான் ஆனந்த குமாரசுவாமியின் சிவநடனம் பற்றிய கட்டுரையை முதன்முறை முழுமையாக வாசித்தேன். அந்த மனிதரின் கதையை இம்மலரில் எழுதுவதற்கு அதுவே காரணம்.

1877 ஓகஸ்ட் 22 இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, சட்டசபை அங்கத்தவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் நாடகமாக்கியவர். தாய் எலிசபெத், இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். பிள்ளைக்கு இரண்டு வயது நிறையுமுன், 1879 இல் தந்தை காலமானார். தாயும் மகனும் அப்போது இங்கிலாந்தில் இருந்தனர், அங்கேயே தங்கிவிட்டனர். தேவாரம் கேட்டோ, தேர் பார்த்தோ வளர்ந்த பிள்ளை அல்ல அவர். எங்கள் பெண்கள் கல்விக்கு உழைத்த சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவருக்கு மைத்துனர் முறை என்றாலும், அந்த உறவின் வீட்டுச் சூழல் அவருக்குக் கிடைக்கவில்லை.

அவர் படித்தது தாவரவியலும் புவிச்சரிதவியலும். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பணிக்குப் பொறுப்பாக இருந்தார். தோரியனைற் என்னும் கதிரியக்கக் கனிமம் உலகுக்குத் தெரியவந்தது அவர் கையால்தான். கல்லைத் தேடி ஊர் ஊராக அலைந்தபோதுதான் வேறொன்று அவர் கண்ணில் பட்டது. கண்டிப் பகுதிக் கிராமங்களில் பித்தளை வார்ப்பவர்கள், தந்தம் செதுக்குபவர்கள், பாய் பின்னுபவர்கள் தங்கள் தொழிலை ஒவ்வொருவராகக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்லின் நிறம், கடினம், எங்கே கிடைத்தது என்று குறிப்பதுபோலவே அவர் அவற்றையும் குறித்தார். மனைவி எதெல் படம் பிடித்தார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908 இல் வெளிவந்தது. வில்லியம் மொறிஸ் பாவித்த கையச்சுப் பொறியில், 425 பிரதிகள் மட்டும். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஒருவர் சிங்களக் கைவினைஞருக்கு அந்தப் பணியைச் செய்தார் என்பதை நம் நாட்டில் இருபுறத்தாரும் அதிகம் பேசுவதில்லை.

மருத்துவராக எனக்கு அவரில் பிடித்தது இந்த ஒழுங்கு. முதலில் பார், பார்த்ததை அப்படியே எழுது, பெயர் சூட்டுவது பிறகு. உணர்ச்சி அவரிடம் இல்லாமல் இல்லை. நம்மவர் மேனாட்டு உடையையும் பழக்கத்தையும் கண்மூடிப் பின்பற்றுவதைக் கடுமையாகக் கண்டித்தவர். 1910 இல் இலண்டன் கூட்டம் ஒன்றில், இந்தியாவில் நுண்கலை என்று ஒன்று கிடையாது என ஆங்கிலேயப் பெரியவர் ஒருவர் சொன்னார். புத்தர் சிலையொன்றைப் பலகாரத்துக்கு ஒப்பிட்டார். அந்த ஆண்டே இலண்டனில் இந்தியக் கலைக்கென ஒரு சங்கம் எழுந்தது; அதை நிறுவியவர்களில் குமாரசுவாமியும் ஒருவர். ஆனால் அவருடைய முழுப் பதில் நூல்களாக வந்தது. இராஜபுத்திர ஓவியம் பற்றி 1916 இல். நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு, துக்கிரால கோபாலகிருஷ்ணய்யாவுடன் சேர்ந்து, 1917 இல். நடன வகுப்பில் பதாகம், திரிபதாகம் என்று கை பிடித்து நின்ற தோழியரே, அந்த நூலை வேற்று நாட்டார் ஆங்கிலத்தில் வாசிக்க முடிந்தது அப்படித்தான்.

சிவநடனக் கட்டுரை முதலில் 1912 இல் சித்தாந்த தீபிகை என்னும் சைவ இதழில் வந்தது. அதற்கு அவர் ஆதாரமாகக் கொண்டவை திருமந்திரம், உண்மை விளக்கம் போன்ற தமிழ் நூல்கள். நான் புள்ளிக்காக மனனம் செய்த அதே ஐந்தொழில்தான் அங்கும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கைக்கும் காலுக்கும் ஏன் என்று கேட்டிருந்தார். முயலகன் அறியாமையின் உருவம் என்பதை என் மகள் அந்தக் கட்டுரை வழியாக விளங்கிக்கொண்டாள். நான் பிறந்ததிலிருந்து கேட்டதை, எதையும் கேளாமல் வளர்ந்த ஒருவரிடமிருந்து இருவரும் படித்தோம்.

1917 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் இந்தியப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். தாம் சேர்த்த ஓவியங்களை இந்தியாவிலேயே ஒரு நூதனசாலையாக்க விரும்பியவர், அது கைகூடவில்லை. அவை பொஸ்ரனுக்கே போயின. நம் பொருள் அந்நியரிடம் போயிற்றே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அவற்றுக்கு அவர் எழுதிய விபரப்பட்டியல்கள் இல்லாவிட்டால் அவை வெறும் அழகான கடதாசிகளாகவே இருந்திருக்கும்.

அவர் சொன்னதெல்லாம் எனக்கு உடன்பாடு என்று நினைக்கவேண்டாம். பழைய சமூக அமைப்பை, சாதி முறை உட்பட, அவர் மிகைப்படப் போற்றினார். அந்த அமைப்புத் தொடர்ந்திருந்தால் நம்மில் பலர் பாடசாலை வாசலையே மிதித்திருக்க மாட்டோம்.

பிற்காலத்தில் வேதங்களிலும் உபநிடதங்களிலும் ஆழ்ந்தார். எழுபதாவது பிறந்தநாளில், இந்தியா திரும்பி ஓய்வாக வாழப்போவதாகச் சொல்லியிருந்தார். பதினெட்டு நாட்களில், 1947 செப்ரெம்பர் 9 இல், பொஸ்ரனுக்கு அருகே நீடம் என்னும் ஊரில் தம் வீட்டில் காலமானார்.

பொலன்னறுவைச் சிவன் கோயில் அகழ்வில் கிடைத்த நடராஜர் வெண்கலங்கள் கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றன. அங்குள்ள வெண்கலச் சிலைகள் பற்றி 1914 இல் ஒரு நூல் எழுதியவரும் இவரே. நூற்றாண்டு விழாவுக்கு வரும்போது, யாழ்ப்பாணம் ரயில் ஏறுமுன் மகளை அங்கே கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். இம்முறை விளக்கம் சொல்லப்போவது தான்தான் என்கிறாள்.