மருத்துவத் துறவி மேரி குளோரி



ஆஸ்திரேலியாவில் 1887இல் பிறந்த மேரி குளோரி, மெல்போர்னில் மருத்துவம் பயின்று 1910இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் குழந்தைகள் மருத்துவ உதவியின்றி இறப்பதை 1915இல் ஒரு சிறுநூலில் வாசித்தார். அதுவே அவருக்கு இறை அழைத்தலாயிற்று. 1920இல் குண்டூர் வந்து இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். துறவியர் மருத்துவம் செய்ய அன்றைய திருச்சபைச் சட்டம் இடம் தராததால், திருத்தந்தையின் சிறப்பு அனுமதியுடன் பணியாற்றினார்.

தாம் ஒருவர் போதாது என்று உணர்ந்த அவர், உள்ளூர்ப் பெண்களுக்கு மருந்து கலக்கவும் பிரசவம் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார். 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கான சங்கத்தைத் தொடங்கினார். நம் நாட்டில் ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி என்பது அவரது கனவு. 1957இல் பெங்களூரில் இறந்தார். கனவு அதே நகரில் 1963இல் தூய யோவான் மருத்துவக் கல்லூரியாக நனவாயிற்று. படித்து முடிப்பவர்கள் கிராமப்புறத்தில் பணியாற்ற உறுதி எழுதித் தரும் முறையையும் அக்கல்லூரி வகுத்தது.

எழுதித் தந்த உறுதி சில காலமே ஒருவரை நிறுத்தும். குளோரியை 37 ஆண்டுகள் இம்மண்ணில் நிறுத்தியது அழைத்தல்.

ஆர்.எஸ்.புரத்தில் வசிக்கும் நமக்கு மருத்துவமனைகள் அருகிலேயே உள்ளன. மலைக்கிராம மக்களுக்கு அப்படியல்ல. நம் பிள்ளை மருத்துவம் முடித்து கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் போகிறேன் என்றால், முதலில் தடுப்பது பெற்றோராகிய நாம்தானா? சிந்திப்போம், செபிப்போம்.