தந்தியின் நியதி கண்ட துறவி

அண்மையில் என் மாணவன் ஒருவன் இரண்டு மின்கிற்றார்களோடு வந்தான். ஒன்றில் தந்தி அதிரும் நீளம் 25½ அங்குலம். மற்றதில் 24¾ அங்குலம். இரண்டிலும் ஒரே பருமனுள்ள தந்திகளைப் பூட்டி, ஒரே சுருதியிற் சேர்த்திருந்தான். எனினும் நீளங் குறைந்ததில் தந்திகள் தளர்ந்து நின்றன. கடைக்காரர் பழுதான தந்தியைத் தந்துவிட்டாரென்று மனங் குமைந்தான். நன்னூற் சூத்திரத்துக்குப் பொருள் கேட்டிருப்பின் அக்கணமே உரைத்திருப்பேன். இதற்கோ நூலகத்தை நாடவேண்டியதாயிற்று. அங்கே யான் கண்ட பெரியார் மறின் மேர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி.

1588இல் உவாசே என்னும் சிற்றூரில் எளிய குடியிற் பிறந்தவர் மேர்சென். இயேசு சபையாரின் கல்லூரியிற் பயின்று, 1611இல் மினிம் சபையிற் சேர்ந்தார். இறைச்சி, முட்டை, பால் யாவும் விலக்கிய சபை அது. உணவிலே துறவு பூண்டவர் ஆராய்ச்சியைத் துறந்தாரல்லர். அறிவியல் இதழ்கள் தோன்றாத அக்காலத்தில், பாரிஸ் நகரத்து மடத்தில் அவர் வாழ்ந்த அறையே ஐரோப்பிய அறிஞரின் கடிதங்கள் கூடும் சந்தியாயிற்று. தேக்கார்த்து, பேர்மா முதலியோரின் எண்ணங்களை ஒருவர்க்கொருவர் அறிவித்தார். கலிலியோ தண்டிக்கப்பட்ட மறு ஆண்டே, 1634இல், அவருடைய இயந்திரவியல் நூலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார்.

இசைக்கருவியின் தந்தி அசையும் விரைவைக் கண் எண்ணமாட்டாது. ஆதலின் மிக நீண்ட தந்திகளை இழுத்துக் கட்டி, அவற்றின் மெல்லிய அசைவுகளை எண்ணிக் கணித்தார் மேர்சென். அவ்வாறு கண்ட நியதிகளை 1636இல் தம் இசைப் பெருநூலில் வெளியிட்டார். நீளம் இருமடங்காயின் அதிர்வெண் பாதியாகும். ஒரே பொருளாலான தந்தியின் விட்டம் இருமடங்காயினும் அவ்வாறே. இழுவிசை நான்கு மடங்காயின் அதிர்வெண் இருமடங்காகும்.

மாணவனின் ஐயம் இங்கே தீர்ந்தது. குறைந்த நீளத்தில் அதே சுருதியைப் பெற, ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு குறைந்த இழுவிசையே போதும். தளர்ச்சிக்குக் காரணம் அதுவே. பழைய இறுக்கம் வேண்டுமாயின் தந்தி சிறிது பருக்கவேண்டும். அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கான முதற்றந்திக்குக் கணக்கின்படி 10.3 பங்கு வேண்டும். கடையிற் கிடைக்கும் 10½ அதற்கு அணித்தானது. தந்தியிலும் குற்றமில்லை, கடைக்காரரிடத்தும் குற்றமில்லை.

1648இல் மேர்சென் மறைந்தார். தம் உடலை அறுத்து நோயின் காரணத்தை ஆராயுமாறு முன்னரே வேண்டியிருந்தார். இறந்த பின்னும் பிறர் அறிவுக்குப் பயன்பட விழைந்த அவ்வுள்ளத்தை எண்ணுந்தோறும், அறியாததை அறியேனென்று மாணவன்முன் ஒப்ப நாணிய என் சிறுமை எனக்குப் புலனாகின்றது.