ஐயம் கேட்ட ஆசார்யர்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் பள்ளிகொண்டருளும் அரங்கனைச் சேவித்து வாழும் நம் பகுதி ஆஸ்திகர்களுக்கு எம்பெருமானாரின் சரிதம் புதியதன்று. எனினும், பலரும் ஒப்பிய கருத்துக்கு எப்போது இணங்க வேண்டும், எப்போது மாறுபடலாம் என்பதை அச்சரிதம் நன்கு விளக்குகிறபடியால், குருபரம்பரை நூல்கள் கூறும் இரண்டு நிகழ்ச்சிகளை இங்கு விண்ணப்பிக்கிறேன்.

கி.பி. 1017ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில், ஸ்ரீபெரும்பூதூரில் கேசவ ஸோமயாஜியாரின் திருக்குமாரராக அவதரித்த இளையாழ்வார், வேதாந்தம் பயில யாதவப்ரகாசரை அடைந்தார். ஒருநாள் சாந்தோக்ய உபநிஷத்தில், எம்பெருமானுடைய திருக்கண்களைச் சொல்லுமிடத்தில் வரும் கப்யாஸம் என்ற சொல்லுக்குக் குரங்கின் பின்புறம் என்று யாதவர் பொருளுரைத்தார். கேட்ட இளையாழ்வார் கண்ணீர் உகுத்தார். ஆனால் அக்கண்ணீரையே காரணமாகக் காட்டி அவர் வாதிக்கவில்லை. நீரைப் பருகுபவன் ஆதலால் கபி என்னும் சொல் கதிரவனையும் குறிக்கும். அவனால் மலர்த்தப்பெற்ற தாமரையே இங்கு உவமை என்று வ்யாகரண வழியில் நிறுவினார். சீடர் குழாம் ஆசிரியர் பக்கமே நின்றது. யாதவர் சினந்தார்; காசி யாத்திரையில் சீடரின் உயிருக்கே தீங்கு சூழப்பட்டது. சிறிய தாயாரின் குமாரரான கோவிந்தர் எச்சரித்தமையால் இளையாழ்வார் உயிர் பிழைத்தார். பிற்காலத்தில் அந்த யாதவரே அவரை ஆச்ரயித்து, கோவிந்த ஜீயர் என்னும் திருநாமம் பெற்றார்.

இரண்டாவது நிகழ்ச்சி திருவரங்கத்தில் நடந்தது. திருக்கோட்டியூர் நம்பியின் நியமனப்படி, உடையவர் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்டு வந்தார். ஆண்டான் ஆளவந்தாரிடம் நேரே கேட்டவர். உடையவரோ ஆளவந்தாரை உயிருடன் சேவிக்கப் பெறாதவர். இரண்டாம் பத்தில் ஒரு பாசுரத்திற்கு, அறிவு தந்த பின்னும் உடலோடு பிணைத்து வைத்தாயே என ஆழ்வார் வருந்துவதாக ஆண்டான் பொருள் கூறினார். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் மகிழ்ச்சி பொங்க நிற்க, நடுவே வருத்தம் பொருந்தாது. அறியாப் பருவத்திலேயே அடிமையில் அன்பு பிறப்பித்த உபகாரத்தை நினைந்து ஆழ்வார் நெகிழ்கிறார் என்று கொள்ளலாகாதோ என உடையவர் விண்ணப்பித்தார். இது விச்வாமித்ர ஸ்ருஷ்டி, ஆளவந்தாரிடம் கேட்டதன்று என்று கூறி ஆண்டான் காலக்ஷேபத்தை நிறுத்திவிட்டார்.

இங்கு உடையவர் செய்யாதவற்றை நாம் கவனிக்க வேண்டும். தமக்கென வேறு கோஷ்டி கூட்டவில்லை, ஆண்டானைப் பழிக்கவில்லை, தம் கருத்தைக் கைவிடவும் இல்லை. செய்தி கேட்டுத் திருவரங்கம் எழுந்தருளிய நம்பி, இருவரையும் விசாரித்து, உடையவர் சொன்ன பொருளைத் தாம் ஆளவந்தாரிடமே கேட்டதுண்டு என்று ஸாதித்தார். கண்ணன் ஸாந்தீபினியிடம் கற்றாற்போல இவர் உம்மிடம் கற்கிறார் என்றும் ஆண்டானுக்கு உணர்த்தினார். காலக்ஷேபம் தொடர்ந்தது. மீண்டும் ஐயம் எழுந்தபோது, ஆளவந்தாருக்குத் தாம் ஏகலவ்யன் போன்றவர் என்று உடையவர் பணிவுடன் தெரிவித்தார்.

ஒருவருடைய கேள்வி கற்றறிந்த பின் எழுந்ததா, சொல்லாலும் ஸந்தர்ப்பத்தாலும் தாங்கப்படுகிறதா, அறிந்த பெரியோரின் விசாரணைக்கு உட்படுகிறதா என்பனவே பார்க்கத்தக்கவை. இம்மூன்றும் இல்லாவிடில், பலர் கூடிக் காத்துவந்த பொருளை நம்புவதே நலம். மூன்றும் உண்டாயின், கேட்பவர் ஒருவரே ஆயினும் அவருக்கு இடம் தருதல் வேண்டும். ஸ்ரீபாஷ்யம் இயற்றப் புகுந்தபோதும், உடையவர் தம் மதியை மட்டும் நம்பாமல், போதாயன வ்ருத்தியைத் தேடிக் கூரத்தாழ்வானுடன் காச்மீரம் வரை சென்றார் அன்றோ!

திருவாய்மொழியின் ஈட்டு வ்யாக்யானத்தில், ஆண்டான் கூறிய பொருளும் எம்பெருமானார் கூறிய பொருளும் இன்றும் அருகருகே காணக் கிடைக்கின்றன. நம் முன்னோர் ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதவில்லை. பாடசாலையில் சிறுவன் ஒருவன் எழுந்து ஐயம் கேட்கும்போது, அடியேன் உட்பட நாம் அனைவரும் இதனை நினைவில் கொள்வோமாக.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.