மணலில் தமிழ் எழுதிய சீகன்பால்கு

திண்ணைப் பள்ளிக்கூடம். சிறுவர்கள் வரிசையாக உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதுகிறார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரர். அவரும் விரலால் எழுதுகிறார். அவருக்கு வயது 24!

அவர்தான் சீகன்பால்கு. ஜெர்மனியில் 1682-ம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே தாய், தந்தையை இழந்தார். அடிக்கடி நோயில் விழும் உடம்பு. அவரை டென்மார்க் அரசர் கிறிஸ்தவ போதகராகத் தரங்கம்பாடிக்கு அனுப்பினார். அப்போது அந்தக் கடற்கரை ஊர் டென்மார்க்காரர்கள் வசம் இருந்தது. 1706-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி அவர் வந்து இறங்கினார்.

இரண்டே ஆண்டுகளில் தமிழ் ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1708-ல் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களுக்குப் பட்டியல் எழுதினார்.

அதே ஆண்டில் கோட்டைத் தலைவருக்கும் அவருக்கும் தகராறு மூண்டது. நான்கு மாதம் சிறையில் கிடந்தார். ஆனாலும் ஊரை விட்டுப் போகவில்லை.

பிறகு அச்சு எந்திரம் வந்தது. ஜெர்மனியில் செய்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்தில் உள்ள பொறையாறில் 1715-ல் காகிதப் பட்டறையும் தொடங்கினார்கள். அந்த ஆண்டே புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது.

1707-ல் அவர் கட்டிய சிறிய தேவாலயத்தைப் பின்னாளில் கடல் கொண்டுபோயிற்று. ஆனால் 1718-ல் அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதற்கு அடுத்த ஆண்டு, 1719 பிப்ரவரி 23-ந் தேதி, அவர் கண்ணை மூடினார். வயது 36. உடல் அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டது.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. ஊரில் பல உயிர்கள் போயின. ஆனால் 1620-ல் எழுந்த டேனிஷ் கோட்டையும் தேவாலயமும் தப்பின. கோட்டைக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. சீகன்பால்கு வாழ்ந்த வீடும் பழுதுபார்க்கப்பட்டு, 2017-ல் அருங்காட்சியகம் ஆயிற்று.

உப்புக்காற்று சுண்ணாம்புச் சுவரை நாள்தோறும் அரிக்கிறது. அதைத் தடுக்க ஓயாமல் பூச வேண்டும். ஓயாமல் செலவிட வேண்டும். பார்க்கப் போகிற நாம் செய்ய வேண்டியதோ மிகச் சிறியது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு இடத்தையும் காட்டிக் கதை சொல்லுங்கள். சுவரில் மட்டும் யாரும் பெயர் கிறுக்க வேண்டாம். எழுதிப் பழகத்தான் மணல் இருக்கிறதே!