'சிங்க இதய' மன்னரைச் சாய்த்த குறுக்குவில்: யார் இந்த ரிச்சர்ட்?

ராபின் ஹூட் படங்களின் கடைசியில் வந்து எல்லாவற்றையும் சரிசெய்வாரே ஒரு ராஜா, அவர்தான் இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்ட். 'சிங்க இதயம்' என்பது அவருடைய பட்டப்பெயர். வாழ்க்கையில் பெரும்பகுதியைப் போர்க்களத்தில் கழித்த இந்த மன்னரைக் கொன்றது, பெயர்கூட உறுதியாகத் தெரியாத ஒரு வீரன் எய்த குட்டை அம்பு. அவரே பெரிதும் நம்பிய கிராஸ்போ எனும் குறுக்குவில்லில் இருந்து வந்த அம்பு அது.

ஆறு மாத ராஜா

1157-ல் ஆக்ஸ்போர்டில் பிறந்தார் ரிச்சர்ட். மூன்றாவது மகன். அண்ணன்கள் இறந்துவிட்டதால் 1189-ல் மன்னரானார். பத்து ஆண்டு ஆட்சியில் அவர் இங்கிலாந்தில் இருந்தது மொத்தமே சுமார் ஆறு மாதம்தான். மற்ற நாள்களெல்லாம் சிலுவைப் போர், சிறை, பிரான்ஸ் மன்னருடன் சண்டை என்றே போயின.

அப்படி என்ன ஆயுதம் அது?

துப்பாக்கிபோலப் பிடித்துக்கொள்ள ஒரு மரத்தண்டு. அதன் முனையில் குறுக்காக ஒரு சின்ன வில். அந்த வில்லைச் செய்வதில்தான் கைவினைஞரின் முழுத் திறமையும் இருந்தது. மரம், விலங்கின் கொம்பு, தசைநார் மூன்றையும் அடுக்கி, விலங்குப் பசையால் ஒட்டி, பொறுமையாகக் காயவைத்தார்கள். வளையும்போது உள்பக்கம் நசுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். நசுங்கலைக் கொம்பு தாங்கும், இழுவையைத் தசைநார் தாங்கும். அதனால்தான் வில் சின்னதாக இருந்தாலும் வேகம் அதிகம்.

இழுத்த நாணைப் பிடித்து வைப்பது மான்கொம்பில் கடைந்த ஒரு சிறிய உருளை. கீழே இருக்கும் விசையை அழுத்தினால் உருளை சுழலும், நாண் விடுபடும், அம்பு பாயும். நீள வில்லில் தேர்ச்சி பெற பல வருஷப் பயிற்சி வேண்டும். இதற்கு அவ்வளவு தேவையில்லை. குறிபார்க்கத் தெரிந்தால் போதும், கவசம் அணிந்த பிரபுவையும் ஒரு சாதாரண ஆள் வீழ்த்திவிடலாம்.

பிரபுக்களுக்கு இது பிடிக்குமா? 1139-லேயே ரோமில் கூடிய திருச்சபை சங்கம், கிறிஸ்தவர்கள்மீது இந்த ஆயுதத்தைப் பயன்படுத்தத் தடை போட்டது. ஆனா யாரும் கேட்கவில்லை. ரிச்சர்டும்தான்.

மன்னர் கையில் குறுக்குவில்

1191-ல் ஏக்கர் கோட்டை முற்றுகையின்போது ரிச்சர்டுக்குக் கடும் காய்ச்சல். எழுந்து நிற்க முடியாத நிலையிலும் தூக்குப்படுக்கையில் தன்னைச் சுமந்துபோகச் சொல்லி, குறுக்குவில்லால் மதில்மீது அம்பெய்தார் என்கின்றன அக்கால வரலாற்றுக் குறிப்புகள்.

இந்த ஆயுதத்தின் பெரிய குறை, மறுபடி நாணேற்ற நேரம் பிடிப்பது. 1192-ல் யாஃபாவில் ரிச்சர்ட் அதற்கு வழி கண்டார். முன்வரிசையில் ஈட்டிக்காரர்கள் மண்டியிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டிரண்டு பேராகக் குறுக்குவில் வீரர்கள். ஒருவர் எய்ய, இன்னொருவர் நாணேற்றிக் கொடுத்தார். சலாவுதீனின் குதிரைப்படையால் அந்த வரிசையை உடைக்க முடியவில்லை.

ஒரே ஒரு அம்பு

1199 மார்ச் 26, மாலை நேரம். பிரான்ஸில் ஷாலு என்ற சிறிய கோட்டையை முற்றுகையிட்டிருந்த ரிச்சர்ட், உடல் கவசம் போடாமல் சுற்றிப் பார்க்கப் போனார். மதில்மேல் இருந்து வந்த அம்பு இடது தோளில் பாய்ந்தது. அம்பை எடுத்தபிறகும் காயம் அழுகியது. ஏப்ரல் 6-ல் இறந்தார். வயது 41.

எய்தவனை ரிச்சர்ட் மன்னித்து விடுவித்ததாகவும், மன்னர் இறந்ததும் அவருடைய ஆட்கள் அவனைக் கொடூரமாகக் கொன்றதாகவும் சொல்லப்படுகிறது. அவன் பெயரையே ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு?

அடுத்து மன்னரான தம்பி ஜானும் வெளிநாட்டுக் குறுக்குவில் வீரர்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டார். 1215-ல் பிரபுக்கள் அவரை மடக்கி ஏற்கவைத்த மாக்னா கார்ட்டா சாசனத்தில் அவர்களையும் குறிப்பிடும் ஓர் உட்பிரிவு உண்டு: அந்த வீரர்களை நாட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும்.  அந்த அளவுக்குப் பயம் இருந்தது!