எஸ்டிமேட் போட்ட கையில் கேமரா

எங்கள் அவலூர்பேட்டை பக்கம் ஒரு பையன், கவர்மென்ட் வேலையை விட்டுட்டு போட்டோ பிடிக்கப் போறேன் என்று சொன்னால், அன்று ராத்திரி அந்த வீட்டில் அடுப்பு எரியாது. மாசம் பொறந்தால் வரும் சம்பளத்தை விட்டுவிட்டு, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையவா படிக்க வைத்தோம் என்று அப்பா கேட்பார். அம்மா மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொள்வார். அப்பா கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பையன் மனசிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த இரண்டு நியாயத்துக்கும் நடுவே வழி கண்ட ஒருவரின் கதையை நம் மலரில் எழுத ஆசைப்பட்டேன். அவர்தான் ராஜா தீன்தயாள்.

தீன்தயாள் 1844-ல் மீரட்டுக்குப் பக்கத்தில் சர்தானா என்ற ஊரில் ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்தார். ரூர்க்கியில் தாம்சன் பொறியியல் கல்லூரியில் படித்தார். 1847-ல் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் இன்றைய ரூர்க்கி ஐ.ஐ.டி. படிப்பு முடிந்ததும் 1866-ல் இந்தூரில் பொதுப்பணித்துறை அலுவலகத்தில் உத்தியோகம் கிடைத்தது. எஸ்டிமேட் போடுவதும் வரைபடம் போடுவதும் வேலை.

நானும் எஸ்டிமேட் போட்டுச் சம்பளம் வாங்கியவன். அதனால் ஒன்று சொல்ல முடியும். அந்த வேலை மனுஷனின் கண்ணையே மாற்றிவிடும். ஒரு சுவரைப் பார்த்தால் அழகு அப்புறம்தான் தெரியும். நீளம், உயரம், எங்கே சாய்ந்திருக்கிறது, எங்கே விரிசல் என்பதுதான் முதலில் படும். இந்தக் கண்தான் பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது.

1874 வாக்கில் அவர் போட்டோ பிடிக்கக் கற்றுக்கொண்டார். அப்போது அது இன்றைக்கு செல்போனில் தட்டுகிற மாதிரி சங்கதி இல்லை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காயும் முன்பே படம் எடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்துக்குள் ஓடிக் கழுவ வேண்டும். ஈரம் காய்ந்தால் படம் போச்சு. வெளியூர் போவதென்றால் கூடாரம், மருந்துப் புட்டிகள், கண்ணாடிகள் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

இந்தூர் மகாராஜா இரண்டாம் துகோஜி ராவும், ஆங்கிலேய அதிகாரி சர் ஹென்றி டேலியும் அவரை ஊக்கப்படுத்தினார்கள். 1875–76-ல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது அந்தப் பயணத்தைப் படம் எடுக்கும் வாய்ப்பும் வந்தது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே ராஜினாமா எழுதியிருப்பார்கள். தீன்தயாள் எழுதவில்லை. எஸ்டிமேட்டும் போட்டார், படமும் எடுத்தார்.

1882-ல் சர் லெப்பல் கிரிஃபின் என்ற உயர் அதிகாரியோடு பந்தேல்கண்ட் பக்கம் பயணம் போனார். குவாலியர் கோட்டை, கஜுராஹோ கோயில்கள், சாஞ்சி ஸ்தூபி என்று மத்திய இந்தியாவின் பழைய கட்டடங்களை எடுத்த அவர் படங்கள், 86 படங்கள் கொண்ட தொகுப்பாக 1886-ல் கிரிஃபினின் எழுத்தோடு வெளிவந்தன. அந்தப் படங்களில் தூண் தூணாக நிற்கும், சுவர் சுவராக நிற்கும். கட்டடம் கட்டத் தெரிந்தவர் எடுத்த படம் என்று பார்த்தாலே புரியும்.

அதற்குப் பிறகுதான் நீண்ட விடுப்பு எடுத்துப் பார்த்தார். படத்தொழிலில் கால் ஊன்றி நிற்க முடியும் என்று தெரிந்த பிறகு, 1880-களின் நடுவில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டி. கேமராவைக் கையில் எடுத்து ஏறக்குறைய பத்து வருஷம் ஆகியிருந்தது.

பிறகு வந்தது ஏறுமுகம். ஹைதராபாத் ஆறாவது நிஜாம் அவரைத் தம் அரசவைப் புகைப்படக்காரர் ஆக்கினார். செகந்திராபாத்தில் ஸ்டூடியோ, 1896-ல் பம்பாயில் ஸ்டூடியோ. ராஜா என்ற பட்டம் நிஜாம் கொடுத்தது. 1897-ல் விக்டோரியா மகாராணியின் நியமனமும் கிடைத்தது.

ஆனால் அவர் அரண்மனையை மட்டும் நம்பி உட்காரவில்லை. கோஷாப் பெண்கள் ஆண்கள் முன்னால் வந்து படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கென்றே 1892-ல் ஹைதராபாத்தில் தனி ஸ்டூடியோ திறந்து, ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பொறுப்பில் விட்டார். பஞ்ச நிவாரண வேலைகளையும் படம் எடுத்துக் கொடுத்தார். மகன்கள் ஞான்சந்த், தரம்சந்த் இருவரையும் தொழிலுக்குள் கொண்டுவந்தார்.

கடைசிக் காலம் அவ்வளவு சுகமில்லை. 1904-ல் தரம்சந்த் இறந்தார். மறு வருஷம், 1905 ஜூலையில், தீன்தயாளும் போய்ச் சேர்ந்தார். அவருடைய 2,857 கண்ணாடி நெகடிவ்கள் இன்று டெல்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் பத்திரமாக இருக்கின்றன. 2006-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வேலையை ஒரே நாளில் உதறிவிட்டு ஜெயித்தவர்களும் உண்டு. சாமுவேல் போர்ன் இங்கிலாந்தில் பேங்க் வேலையை விட்டுக் கப்பலேறி, 1863-ல் இந்தியாவில் படம் எடுக்க ஆரம்பித்தார். அவர் பெயர் தாங்கிய போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டூடியோ கல்கத்தாவில் 2016 வரை இருந்தது. அப்படியும் ஆகலாம். ஆனால் வீட்டில் ஒரே சம்பளத்தை நம்பி நாலு பேர் இருந்தால், தீன்தயாள் வழிதான் நமக்குச் சரிப்படும். அவருக்கு மகாராஜா சிபாரிசு இருந்தது, நமக்கு ஏது என்று கேட்பீர்கள். கேள்வி சரிதான். சிபாரிசு நம் கையில் இல்லை. ஆனால் சம்பளம் வரும்போதே தொழிலைக் கற்பதும், லீவு போட்டு ஆழம் பார்ப்பதும், ஒரே வாடிக்கையாளரை நம்பாமல் இருப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன.

படம் எடுக்கப் பொருளுக்கும் பஞ்சமில்லை. நம்ம செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில், மராத்திய ராணுவக் கோட்டைகளில் ஒன்றாக இடம்பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுங்கள். ராஜகிரி அடிவாரத்தில் நிற்கும் கல்யாண மகாலை, அதன் மாடிகள் ஒன்றுகூடச் சாயாமல் நேராக நிற்கும்படி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். திங்கட்கிழமை காலை வழக்கம்போல ஆபீசுக்குப் போங்கள். அடுத்த ஞாயிறு மறுபடியும் செஞ்சிக்குப் போங்கள்.