வானை அளந்த அன்னா மாணி

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையில், பாகாலாவுக்கு அருகே, காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. குன்றுகள் சூழ்ந்த அவ்வூரில் இந்திய விண்வெளித் துறையைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இயங்கி வருகிறது. அங்கே ஒரு திடலில் 1024 ஆண்டெனாக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவை அனைத்தும் சேர்ந்து ஒரே ரேடாராக வானை நோக்கி வானொலி அலைகளை அனுப்பி, உயரத்தில் வீசும் காற்றின் போக்கைக் கணிக்கின்றன. மாலை வேளையில் அங்கிருந்து ஒரு பலூன் பறக்க விடப்படுகிறது. அதன் அடியில் கட்டிய சிறு பெட்டி, மேலே செல்லச் செல்ல வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கீழே தெரிவித்துக்கொண்டே போகும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் பலூன் வெடித்துவிடும். கரியமில வாயு, மீத்தேன் ஆகியவற்றின் அளவும் அக்கூடத்தில் ஆராயப்படுகிறது.

இத்தகைய கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய முடியும், அவை காட்டும் அளவை உலகம் ஏற்கும்படி செய்யவும் முடியும் என்று நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் அன்னா மாணி. அவர் காதங்கியில் பணியாற்றியவர் அல்லர். அக்கூடம் எழுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். எனினும் அங்கே நாள்தோறும் நடைபெறும் வேலை, அவர் தம் வாழ்நாள் முழுவதும் செய்த வேலையின் தொடர்ச்சியே ஆகும்.

அன்னா மாணி 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூர் நாட்டில் உள்ள பீர்மேட்டில் பிறந்தார். தமிழகத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறினால் அவ்வூரை அடையலாம். தந்தையார் கட்டடப் பொறியாளர்; ஏலக்காய்த் தோட்டங்களும் அவருக்கு இருந்தன. எண்மர் பிறந்த அக்குடும்பத்தில் அன்னா ஏழாவது பிள்ளை. ஆண்பிள்ளைகள் உயர்கல்விக்கும் பெண்பிள்ளைகள் திருமணத்திற்கும் உரியோர் என்பதே அக்காலச் செல்வக் குடும்பங்களின் வழக்கம். அன்னாவோ நூல்களில் மூழ்கியிருந்தார். எட்டாம் பிறந்த நாளன்று, குடும்ப வழக்கப்படி அவருக்கு வைரத் தோடுகள் பரிசாக வந்தன. அவர் அவற்றை ஏற்கவில்லை. அவற்றுக்குப் பதிலாகப் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தைக் கேட்டுப் பெற்றார்.

1925-இல் வைக்கம் போராட்டத்தின்போது காந்தியடிகள் திருவிதாங்கூருக்கு வந்தார். அவ்வருகை அச்சிறுமியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பின்னாளில் அவர் கதராடையே உடுத்தினார். அயல்நாட்டுத் துணியை விலக்கியவர், அயல்நாட்டுக் கருவிகளை மட்டுமே நம்பியிருக்கும் நிலையையும் ஒரு நாள் மாற்றப்போகிறார் என்பதை அன்று யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

சென்னையில் பயின்று, 1939-இல் இயற்பியலில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் பட்டம் பெற்றார். மறு ஆண்டு உதவித்தொகை பெற்றுப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். பரிசாக வந்த வைரத்தை மறுத்த அவருக்கு, அங்கே வைரங்களை ஆராயும் பணியே அளிக்கப்பட்டது. வைரத்தின் மீது ஒளியைச் செலுத்தி, அதிலிருந்து வெளிப்படும் ஒளியின் நிறமாலையை ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்ய வேண்டும். ஒரு தகட்டில் பதிவு விழுவதற்கே 15 முதல் 20 மணி நேரம் ஆகும். அன்னா பல இரவுகளை ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். 1942 முதல் 1945 வரை, தம் பெயரில் மட்டும் ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். 1945-இல் முனைவர் பட்டத்திற்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். அவரிடம் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. ஆய்வில் குறை காணப்பட்டதன்று. ஒரு சான்றிதழ் இல்லை என்பதே தடை. அவர் இதற்காகத் தளர்ந்து அமர்ந்துவிடவில்லை. இறுதிவரை அவர் முனைவர் பட்டம் இல்லாமலேயே அறிவியல் பணி புரிந்தார்.

அதே ஆண்டு, போர் வீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலில் இங்கிலாந்துக்குப் பயணமானார். இயற்பியலில் மேற்படிப்புப் படிக்கவே அவர் விரும்பினார். ஆனால் கிடைத்த வாய்ப்பு வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சிக்குரியதாக இருந்தது. விரும்பியது கிட்டாத இடத்தில் கிட்டியதை ஏற்றுக்கொண்டார். நம் நாட்டு வானிலை அறிவியலுக்கு அது பெரும் பேறாக அமைந்தது.

1948-இல் விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் திரும்பிய அன்னா மாணி, புனேயில் இந்திய வானிலைத் துறையின் கருவிகள் பிரிவில் சேர்ந்தார். அந்நாளில் வெப்பமானி, காற்றழுத்தமானி போன்ற எளிய கருவிகளும் வெளிநாட்டிலிருந்தே வந்தன. ஒரு கருவி பழுதுபட்டால் மாற்றுக் கருவிக்குக் கப்பலை எதிர்நோக்க வேண்டும். அன்னா மாணி ஏறத்தாழ நூறு வகைக் கருவிகளுக்குச் செந்தரமான வரைபடங்களை உருவாக்கி, அவற்றை இங்கேயே செய்யத் தொடங்கச் செய்தார். 1953-இல் அப்பிரிவின் தலைவரானார். அவருக்குக் கீழ் 121 ஆண்கள் பணிபுரிந்தனர்.

தவறான அளவு, அளவே இல்லாத நிலையைவிடக் கேடு விளைவிப்பது என்பது அவருடைய உறுதியான கொள்கை. ஆகவே கருவியைச் செய்வதோடு நில்லாமல், ஒவ்வொன்றையும் செந்தரக் கருவியோடு ஒப்பிட்டுத் திருத்துவதில் மிகக் கண்டிப்பாக இருந்தார்.

இக்கண்டிப்பின் பயனை உணர, புவி எவ்வாறு வெப்பமடைகிறது என்பதைச் சற்று விரிவாக அறிய வேண்டும்.

ஞாயிற்றின் ஒளி காற்று மண்டலத்தின் ஊடே வந்து நிலத்தையும் கடலையும் சூடாக்குகிறது. சூடேறிய நிலம், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாக அவ்வெப்பத்தை வானுக்குத் திருப்பி அனுப்புகிறது. காற்றில் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் அக்கதிர்களைத் தடுப்பதில்லை. மிகச் சிறு அளவிலேயே உள்ள நீராவி, கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, ஓசோன் ஆகியவை அவற்றை உட்கொண்டு, ஒரு பகுதியை மீண்டும் நிலத்தை நோக்கி அனுப்புகின்றன. இவையே பசுமை இல்ல வாயுக்கள். (கண்ணாடியால் ஆன பசுமை இல்லம், சூடான காற்று வெளியேறாமல் அடைத்து வைப்பதாலேயே பெரிதும் வெப்பமாக இருக்கிறது. வாயுக்கள் செய்வது அதுவன்று. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.) இவ்வாயுக்கள் இல்லையெனில் புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 18 செல்சியஸாக இருக்கும், சுவர்ணமுகி ஆறும் உறைந்து கிடக்கும். எனவே இவை தீயவை அல்ல. மிகுதியே தீங்கு.

அம்மிகுதி எங்கிருந்து வந்தது? நிலக்கரி, பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு ஆகியவற்றை எரிப்பதாலும், சிமெண்டு உற்பத்தியாலும், காடுகளை அழிப்பதாலும் கரியமில வாயு பெருகுகிறது. நீர் தேங்கிய நெல்வயல், அசைபோடும் கால்நடை, குப்பைமேடு, நிலக்கரிச் சுரங்கம் ஆகியவற்றிலிருந்து மீத்தேன் வெளிப்படுகிறது. பால் உற்பத்தியில் பெயர் பெற்ற சித்தூர் மாவட்டத்திற்கும் அதில் சிறு பங்கு உண்டு. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்குகிறது. எனினும் அது பன்னிரண்டு ஆண்டுகள் அளவில் சிதைந்துவிடும். கரியமில வாயுவில் ஒரு பகுதியோ நூற்றாண்டுகள் கடந்தும் காற்றிலேயே தங்கும். வயலில் மிகுதியாக இடும் தழைச்சத்து உரத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு எழுகிறது.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. இவ்வளர்ச்சியைத் தொடர்ந்து அளக்கும் பணி, ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் தொடங்கியது. அப்போது அது 315 பங்கு அளவில் இருந்தது. அவ்வேலையைத் தொடங்கியவர் சார்லஸ் கீலிங் என்னும் அமெரிக்க அறிஞர். உலக நாடுகள் ஒன்று சேர்ந்து புவியையும் காற்று மண்டலத்தையும் ஆராய்ந்த பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டு என்னும் பெருமுயற்சி, 1957, 1958-ஆம் ஆண்டுகளில் நடைபெற்றது. கீலிங்கின் அளவீடு அதனுள் அடங்கியதே. அதே முயற்சியில் இந்தியாவின் பங்காக, ஞாயிற்றின் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தவர் அன்னா மாணி. முதலில் வெளிநாட்டுக் கருவிகளைக் கொண்டு தொடங்கிய அப்பணியை, விரைவில் இந்தியக் கருவிகளைக் கொண்டே நடத்தினார்.

வெப்பம் கூடுவதற்கு ஞாயிறே காரணம் என்று ஒருவர் வாதிட்டால், அதற்கு விடை கூறப் பதிவேடு வேண்டும். ஞாயிறு கூடுதலாகக் காய்ந்தால் காற்று மண்டலம் அடியிலிருந்து உச்சி வரை சூடாக வேண்டும். பல்லாண்டுகளாகப் பலூன்களும் பின்னர்ச் செயற்கைக்கோள்களும் காட்டியது வேறு. நிலத்தை ஒட்டிய காற்று சூடாகிறது. மிக உயரத்தில் உள்ள அடுக்கோ குளிர்கிறது. கீழே வெப்பம் தேக்கப்படுகிறது என்பதற்கு இதுவே தெளிவான சான்று. மேலும், காற்றில் கூடியுள்ள கரியமில வாயுவின் கரி, பன்னெடுங்காலம் மண்ணுள் புதைந்திருந்த எரிபொருளின் கரியே என்பதை வேதியியல் ஆய்வு காட்டிவிட்டது. புவியின் வெப்பநிலை ஒரு செல்சியஸுக்கும் மேல் உயர்ந்துள்ளதற்கு மனிதச் செயலே காரணம் என்று அறிஞர்கள் உறுதியாகக் கூறுவது இத்தகைய அளவீடுகளின் வலிமையால்தான்.

1960-இல் அன்னா மாணி ஓசோனை அளக்கும் பணியைத் தொடங்கினார். அப்போது அவ்வாயுவைப் பற்றி அறிவியலாளர் சிலரைத் தவிர எவரும் கவலைகொள்ளவில்லை. உயரத்தில் உள்ள ஓசோன் புறஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கிறது. நிலத்தருகே மிகுந்தாலோ மூச்சுக்குக் கேடு விளைவிப்பதோடு வெப்பத்தையும் தேக்குகிறது. பலூனில் அனுப்பி ஓசோனை அளக்கும் கருவியை இந்தியாவிலேயே உருவாக்குவதற்கு அவர் வழிவகுத்தார். பன்னாட்டு ஓசோன் ஆணையத்திலும் அவருக்கு இடம் கிடைத்தது. கால் நூற்றாண்டுக்குப் பின், 1985-இல், அண்டார்க்டிகாவின் வானில் ஓசோன் படலம் மெலிந்துள்ளது என்ற செய்தி உலகை உலுக்கியது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே ஆண்டுதோறும் அளந்து வந்த பிரிட்டன் நாட்டார் கண்டறிந்த உண்மை அது. இரண்டே ஆண்டுகளில் நாடுகள் கூடி மாண்ட்ரியல் உடன்படிக்கையை உருவாக்கின. பயன் உடனே தெரியாத அளவீட்டை ஏன் விடாமல் செய்ய வேண்டும் என்ற கேள்வி அதன்பின் பெரிதாக எழவில்லை.

விக்ரம் சாராபாயின் வேண்டுகோளுக்கு இணங்க, தும்பா ஏவுதளத்தில் வானிலை நிலையத்தையும் கருவிக் கோபுரத்தையும் அன்னா மாணி அமைத்தார். 1969-இல் வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராகத் தில்லிக்கு மாற்றப்பட்டார். 1976-இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு என்பது பெயரளவில்தான். பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தில் மூன்றாண்டுகள் வருகைதரு பேராசிரியராக இருந்தார். இந்தியாவின் எப்பகுதியில் எம்மாதத்தில் எவ்வளவு வெயில் விழுகிறது என்பதைத் தொகுத்து, 1980, 1981-ஆம் ஆண்டுகளில் இரண்டு நூல்களை வெளியிட்டார். சூரிய ஆற்றல் பொறியாளர்களுக்கு அவை நெடுங்காலம் கைந்நூல்களாக விளங்கின. அடுத்து, காற்றாலை நிறுவத்தக்க இடங்களைக் கண்டறிய, நாடெங்கும் காற்றின் வேகத்தை அளக்கும் பெரும்பணியை நடத்தினார். காற்றின் வேகத்தையும் கதிர்வீச்சையும் அளக்கும் கருவிகளைச் செய்ய, பெங்களூருவில் ஒரு சிறு பட்டறையும் தொடங்கினார். முப்பந்தலிலும் திருமலைக் குன்றுகளிலும் இன்று காற்றாலைகள் சுழல்கின்றன. காற்றாலை நிறுவும் எவரும் முதலில் அறிய வேண்டியது, அவ்விடத்தில் ஆண்டு முழுவதும் காற்று எவ்வளவு வீசும் என்பதையே. நிலக்கரிக்கு மாற்றாக நிற்கும் இரண்டு ஆற்றல்களுக்கும், அவை பெரிதாகப் பேசப்படாத காலத்திலேயே அவர் கணக்கெடுத்து வைத்தார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. இயற்கையிலும் இசையிலும் மிகுந்த ஈடுபாடு உடையவராக இருந்தார். 1987-இல் இந்திய தேசிய அறிவியல் கழகம், பாலக்காட்டுத் தமிழரான வளிமண்டல அறிஞர் கே. ஆர். இராமநாதன் பெயரிலான பதக்கத்தை அவருக்கு வழங்கியது. 1994-இல் பக்கவாதம் தாக்கியது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், 83-ஆம் பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், திருவனந்தபுரத்தில் காலமானார். சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்காத அவருடைய ஆய்வேடு, கட்டடம் செய்யப்பெற்று, இராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் பட்டம் பெற்ற ஏடுகளோடு வைக்கப்பட்டது.